பைலில் எழுதியதெல்லாம் அடுத்த ரன்னில் காணோம்

கேள்வி: பைத்தான் நிரல்மொழி பழகி மூன்று வாரம் ஆகிறது. படித்த புத்தகங்களைக் குறித்துவைக்க ‘புத்தகம்’ என்று ஒரு கிளாஸ் (தகவலையும் அதற்கான செயல்களையும் சேர்த்துவைக்கும் அச்சு) எழுதினேன். அதில் தலைப்பு, பக்கங்கள், பைலில் சேமிக்க ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்). நேற்று 14 புத்தகம் ஏற்றினேன். இன்று ஒன்று சேர்த்தேன், பைலில் அது மட்டும்தான் இருக்கிறது! எங்கே தப்பு?

பதில்: பைலை ‘டபிள்யூ’ (w, புதிதாக எழுதும்) மோடில் திறந்திருப்பீர்கள். திறந்த நொடியே பழையதைத் துடைத்துவிடும், ஒரு எழுத்துகூட எழுதாவிட்டாலும். ‘ஏ’ (a) மோடு போடுங்கள், கடைசியில் சேர்க்கும்.

கேட்டவர்: சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் பைலிலிருந்து பக்கங்களைப் படித்துக் கூட்டினால் 200-ம் 150-ம் சேர்ந்து 200150 ஆகிறதே?

இன்னொருவர்: டெக்ஸ்ட் பைலிலிருந்து வருவது எல்லாமே ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர். ‘இன்ட்’ (int) கொடுத்து எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். வரியில் தலைப்பையும் பக்கங்களையும் கமாவை வைத்துப் பிரிக்கிறீர்களா? தலைப்புக்குள்ளேயே கமா வந்தால் வரி உடைந்துவிடும், நான் ஒரு நாள் முழுக்க இதில் மாட்டியிருக்கிறேன். பைத்தானோடு வரும் சிஎஸ்வி (csv) மாட்யூல், கமா வைத்துப் பிரித்த பைலைப் படிக்க, எழுத உதவுவது, அதைப் பார்த்துக்கொள்ளும். தமிழ்த் தலைப்பு என்றால் என்கோடிங் (எழுத்துகளைப் பைலில் பதியும் முறை) யுடிஎஃப்-8 என்று கொடுக்க மறக்காதீர்கள். அப்புறம், சேமிக்கும் வேலையை ‘அலமாரி’ என்று தனி கிளாஸுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு புத்தகத்துக்குத் தன் பக்கங்கள் தெரிந்தால் போதும், பைல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாம்.