பாரிசில் எங்கே தங்குவது? எட்டு இரவு, நான்கு வெளியூர், ஒரு முழங்கால்

கோரிப்பாளையத்துக்காரி:

வணக்கம். வரும் மே மாதம் நானும் கணவரும் மகளும் பாரிஸ் போகிறோம். ஞாயிறு மாலை இறங்கி, அடுத்த திங்கள் காலை கிளம்புகிறோம், எட்டு இரவு. விமான டிக்கெட் எடுத்தாயிற்று, விசாவும் வந்துவிட்டது. தங்கும் இடம்தான் முடிவாகவில்லை. மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு.

எங்களுக்கு ஊருக்குள் சுற்றுவதைவிட வெளியூர்தான் முக்கியம். வெர்சாய் அரண்மனை, ஃபோந்தேன்புளோ அரண்மனை, சார்த்ர் தேவாலயம், பிறகு மகளுக்காக ஜிவர்னி. அவள் ஓவியம் படிக்கிறாள். ஓவியர் மோனே அமைத்த குளத்தையும் அல்லிப் பூக்களையும் பார்க்காமல் திரும்பினால் என்னை மன்னிக்க மாட்டாள். நான்கும் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம்தான்.

சிக்கல் என் கணவரின் இடது முழங்கால். போன ஆண்டு அறுவை சிகிச்சை நடந்தது. சமதளத்தில் நன்றாக நடப்பார். படி ஏறவும் செய்வார். இறங்குவதுதான் பாடு. பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். எங்கள் வீட்டு மாடியில் பதினேழு படி. அதற்கு அவருக்கு ஆகும் நேரத்தில் நான் காபி போட்டு முடித்துவிடுவேன்.

இப்போது மூன்று யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, கார் து நோர் ரயில் நிலையத்தின் அருகே, ஓட்டல்கள் மலிவு. இரண்டு, ஈஃபில் கோபுரத்தின் பக்கம். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியவேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. மூன்று, ஷாத்லே. எல்லாத் தடங்களும் அங்கேதான் கூடுகின்றன என்று மகள் வரைபடத்தைக் காட்டுகிறாள். அல்லது நான்கு இரவு ஓர் இடம், நான்கு இரவு வேறிடம் என்று மாற்றிக்கொள்ளலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

லாசப்பல் வாசி:

அக்கா, நான் இங்கே வந்து இருபத்தேழு வருடம். உறவினர்கள் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பாரிசுக்கு நடுவில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது. திசைக்கொரு பெரிய நிலையம். நீங்கள் சொன்ன ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிவர்னிக்குச் சான் லசார் நிலையத்தில் ஏறி வெர்னோனில் இறங்கி, அங்கிருந்து பஸ். சார்த்ருக்கு மோன்பர்னாஸ். ஃபோந்தேன்புளோவுக்குக் கார் து லியோன். வெர்சாய்க்கு மூன்று வழி. கார் து நோரில் இருந்து நீங்கள் போக நினைக்கும் ஊர் ஒன்றுகூட இல்லை! அங்கே தங்கினால் தினமும் காலையில் இன்னொரு நிலையத்துக்குப் போய்த்தான் பயணத்தைத் தொடங்கவேண்டும்.

மகள் வரைபடத்தில் பார்த்தது சரிதான். ஆனால் வரைபடத்தில் படிக்கட்டு தெரியாது. ஷாத்லேயில் ஐந்து மெத்ரோ தடங்களும் ஆர்.இ.ஆர். என்ற புறநகர் விரைவு ரயிலின் மூன்று தடங்களும் நிலத்தடியில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் சுரங்கப்பாதை முடிவதே இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நானே சில வேளை தவறான வாசலால் வெளியே வருகிறேன்.

முழங்காலுக்கு நான் சொல்லும் மருந்து 14ஆம் எண் மெத்ரோ. இங்கத்தைய மெத்ரோ 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. பழைய தடங்களில் பெரும்பாலான நிலையங்களுக்கு லிஃப்ட் இல்லை. 14 மட்டும் 1998இல் வந்தது. ஓட்டுநர் இல்லாத ரயில், எல்லா நிலையத்திலும் லிஃப்ட். சான் லசாரையும் கார் து லியோனையும் அது நேராக இணைக்கிறது. நடுவில் மூன்றே நிறுத்தங்கள். ஆகவே 14இன் மேல் எங்கேயாவது தங்குங்கள். என் விருப்பம் கார் து லியோன் பக்கம். நிலையத்தைச் சுற்றி நடுத்தர ஓட்டல்கள் நிறைய, இரவில் திரும்பி வந்தாலும் வெளிச்சமும் ஆளும் இருக்கும்.

இடம் மாற்றிக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். பெட்டியைக் கட்டி, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்து, மூன்று மணி வரை அடுத்த அறைக்குக் காத்திருந்தால் ஒரு வெளியூர் போயிற்று.

---

செவ்வாய்க்கிழமை ஏமாளி:

அம்மா, என் பெயருக்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோந்தேன்புளோ அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ரயிலில் நாற்பது நிமிடம் போய், பஸ் பிடித்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். பின்னால் இருக்கும் பூங்காவில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு சாண்ட்விச் தின்றோம். வெர்சாய்க்குத் திங்கள் விடுமுறை. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். அதனால் செவ்வாயன்று ஊரில் உள்ள அத்தனை பேரும் வெர்சாயில்தான் நிற்பார்கள். நீங்கள் புதன் அல்லது வியாழன் போங்கள். திங்கள் ஜிவர்னி, செவ்வாய் சார்த்ர்.

தங்குமிட விஷயத்தில் மேலே எழுதியவரோடு பாதி ஒத்துப்போகிறேன். 14ஆம் தடம் சரி. ஆனால் ஏன் கார் து லியோன்? உங்கள் நான்கு பயணங்களில் இரண்டு சான் லசாரில் இருந்தே தொடங்குகின்றன. ஜிவர்னி ஒன்று. வெர்சாய் இன்னொன்று. எல்லோரும் ஆர்.இ.ஆர். சி தடத்தைத்தான் சொல்வார்கள், அது அரண்மனைக்குப் பக்கத்தில் இறக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் சான் லசாரில் இருந்து எல் என்ற தடத்தில் ஒரு புறநகர் ரயில் வெர்சாய் ரீவ் துருவாத் வரை போகிறது. புறப்படும் இடமே அதுதான் என்பதால் உட்கார இடம் உறுதி. இறங்கியபின் கால் மணி, இருபது நிமிட நடை, ஊருக்குள் சமதளமாக. வழியில் ஒரு சந்தைத் திடல் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் கடை போடுவார்கள். அரண்மனை வாசலில் மட்டும் கவனம் தேவை. தங்க வாயிலுக்கு முன்னால் உருண்டைக் கற்கள் பாவிய பெரிய முற்றம். படியைவிட அதுதான் முழங்காலைக் கேட்கும்.

காலையில் எல்லோருக்கும் தெம்பு இருக்கும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவோம். மாலை ஏழு மணிக்கு ரயிலை விட்டு இறங்கி, அதன்பிறகு மெத்ரோவில் தொங்கிக்கொண்டு அறைக்குப் போவதுதான் கொடுமை. ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே அறைக்குப் போய்விடும் சுகம் இருக்கிறதே, அதற்கு இரவுக்கு இருபது யூரோ கூடக் கொடுத்தாலும் தகும்.

இன்னொன்று. அறை பதிவு செய்வதற்கு முன்னால் "லிஃப்ட் இருக்கிறதா" என்று கேட்டால் போதாது. நான் வாடகைக்கு எடுத்த குடியிருப்பில் லிஃப்ட் இருந்தது, ஆனால் அது மூன்றாம் மாடியில் இருந்துதான் தொடங்கியது என்று யாரும் சொல்லவில்லை. வேறோர் இடத்தில் லிஃப்டுக்குள் நானும் என் பெட்டியும் ஒன்றாக நுழைய முடியவில்லை. பெட்டியைத் தனியாக அனுப்பிவிட்டுப் படியில் ஓடினேன். இங்கே தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நம்மூரைப் போலவே முதல் மாடி என்றால் ஒரு மாடி ஏறவேண்டும். "வாசலில் இருந்து அறைக் கதவு வரை எத்தனை படி" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

---

பொடி டப்பா:

எல்லோரும் ரயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். சாப்பாடு? கார் து நோருக்கு மேலே லாசப்பல் முழுக்க நம் கடைகள். காலையில் இட்லி, இரவில் கொத்துரொட்டி. மூன்றாம் நாள் ரொட்டியையும் சீஸையும் பார்த்தாலே வெறுத்துப்போகும். எங்கள் அப்பா அப்படித்தான் ஆனார். நான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் தங்குவேன்.

---

லாசப்பல் வாசி:

தம்பி, நான் குடியிருக்கும் தெருவைப் பற்றி எனக்கே சொல்கிறீர்கள். சாப்பிட வரட்டும், மாணிக்க விநாயகரையும் கும்பிட்டுவிட்டுப் போகட்டும். தங்கவேண்டாம். லாசப்பல் மெத்ரோ நிலையம் தரைக்கு மேலே தூண்களில் நிற்கிறது, ஏறி இறங்குவது பெரும்பாடு. கார் து நோர் வாசலில் கைப்பையை முன்னால் போட்டுக்கொண்டுதான் நானே நடக்கிறேன்.

சான் லசார் பற்றிச் சொன்னவர் சொன்னது சரி. எனக்கு வேலை அந்தப் பக்கம் இல்லாததால் யோசிக்கவில்லை. என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். சார்த்ர் போகும் நாளுக்கு மட்டும் மோன்பர்னாஸ் போகவேண்டும். மெத்ரோவில் நேரான தடங்கள் இருந்தாலும் இறங்காதீர்கள். சான் லசாரில் 95ஆம் எண் பஸ் ஏறுங்கள். தாழ்தளப் பஸ், படியே இல்லை. ஓப்பேரா வழியாக வந்து லூவர் முற்றத்துக்குள் நுழைந்து, கண்ணாடிப் பிரமிடைக் காட்டிவிட்டு ஆற்றைக் கடக்கும். நேரம் கொஞ்சம் கூடும், போகட்டும்.

சார்ல் து கோல் விமான நிலையத்தில் இருந்து மூன்று பேரும் பெட்டிகளும் என்றால் டாக்சிதான். நிர்ணயக் கட்டணம்: ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. சான் லசார் வலது கரை. டாக்சி வரிசையில் நின்றுதான் ஏறவேண்டும். உள்ளே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள்.

வாரப் பயண அட்டை நவிகோ, திங்கள் முதல் ஞாயிறு வரை. உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல. ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் கொண்டுவாருங்கள். வெர்சாயும் ஃபோந்தேன்புளோவும் அதில் அடங்கும். ஜிவர்னிக்கும் சார்த்ருக்கும் தனி டிக்கெட்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். மே மாதம் ஜிவர்னியில் ஐரிஸ் பூக்கும், பாலத்தின் மேல் ஊதா விஸ்டேரியா தொங்கும், கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அல்லி பூக்க ஜூன் கடைசியாவது ஆகவேண்டும். அல்லி வேண்டுமானால் ஊருக்குள் ஒரான்ஜெரி அருங்காட்சியகத்தில் மோனே வரைந்ததைப் பார்க்கட்டும், இரண்டு கூடம் நிறைய இருக்கிறது. அதற்கும் செவ்வாய் விடுமுறை.

---

கோரிப்பாளையத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சான் லசாரில் இருந்து ஐந்து நிமிட நடையில் ஓர் ஓட்டல் பிடித்துவிட்டோம். கேட்கச் சொன்னபடியே கேட்டேன். வாசலில் இரண்டு படி, பிறகு லிஃப்ட், அறை வரை படியில்லை என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. லிஃப்டில் பெட்டியோடு இருவர் நிற்கலாமா என்றும் கேட்டேன். "மெலிந்தவர்கள் என்றால்" என்று பதில் வந்தது. அறையில் சின்ன அடுப்பும் உண்டு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் பெட்டியில் ஏறியாயிற்று. லாசப்பலுக்கு ஒரு மாலை கட்டாயம் வருகிறோம்.

அல்லி இல்லை என்றதும் மகள் ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு விஸ்டேரியா படங்களைப் பார்த்துச் சமாதானம் ஆனாள். அவர்தான் இன்னும் முறுக்கிக்கொண்டு இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தானாம், கோபுரம் இல்லையாம்.

---

செவ்வாய்க்கிழமை ஏமாளி:

அம்மா, ஐயாவிடம் சொல்லுங்கள். வெர்சாய் போகும் எல் தட ரயில் லா தெஃபான்ஸ் தாண்டியதும் மேட்டின் மேலே ஏறிச் செல்லும். சுரேன், சான் குளூ நிலையங்கள் வரும் பகுதியில் பாரிஸ் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும், நடுவில் கோபுரம். ஓட்டல் ஜன்னலில் அவர் தனியாகப் பார்த்திருப்பார். இங்கே உட்கார்ந்தபடி மூவரும் பார்க்கலாம். இரவில் விளக்குகள் மின்னுவதையும் பார்க்கவேண்டும் என்றால், மே மாதம் ஒன்பதரைக்குத்தான் இருட்டும். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் மின்னும். ஒரு மாலை டாக்சி வைத்துக் கூட்டிப்போங்கள்.

---

கோரிப்பாளையத்துக்காரி:

ரயிலில் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று கேட்கிறார்.

---

செவ்வாய்க்கிழமை ஏமாளி:

போகும்போது இடப்பக்கம்.