பழைய தேயிலைத் தோட்ட ஆண்டு மலர்கள், நோட்டீஸ்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஆட்களிடம் ஓர் உதவி. தோட்டப் பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் என்று 1990க்கு முந்தியவை ஏதாவது வீட்டில் இருக்கிறதா? நான் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவன். ஆய்வுக் கட்டுரைக்கா என்று கேட்பீர்கள், அதெல்லாம் இல்லை. 2005 முதல் இணையத்தில் இயங்கும் 'நூலகம்' தளத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி சேர்க்க ஆசை. தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பற்றிப் புத்தகங்கள் உண்டு. லயம் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்த தோட்டச் சனம் தாங்களே அச்சடித்த ஒற்றைத் தாள்தான் தேடினாலும் அகப்படுவதில்லை.

ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்தால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். நம்ம ஊர் ஈரத்துக்குப் பக்கங்கள் ஒட்டியிருக்கும், குத்திய பின் ஊசி துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். நிழலில் காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படமெடுத்தால் போதும். அட்டையும் விளம்பரங்களும் கட்டாயம் வேண்டும். எந்த அச்சகம், எந்தக் கடை என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

எழுதியவர் காலமாகி 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. அவரையோ பிள்ளைகளையோ தெரிந்தால் சொல்லுங்கள், அனுமதியை நான் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், நுவரெலியாவில் ஸ்கேனர் வைத்திருக்கும் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாங்க.