வாளியில் ஒரு முழம், பையில் ஒரு சாண்: தக்காளி வேர் எதில் வேகமாக வளரும்?

கேள்வி (கும்பகோணம் பக்கம், மாடித்தோட்டம்)
பங்குனி முதல் வாரம், ஒரே தட்டில் முளைத்த நான்கு தக்காளி நாற்றுகளில் இரண்டை வயல் களிமண்ணும் தொழுவுரமும் கலந்த பையில் வைத்தேன். மற்ற இரண்டை மூடி போட்ட 20 லிட்டர் வாளியில், ஹைட்ரோபோனிக் கரைசலில் (மண்ணில்லாமல், சத்து கலந்த தண்ணீர்). காற்று ஊதும் மோட்டார் கிடையாது. இருபதாம் நாள் மூடியைத் தூக்கினால் பால்வெள்ளையாக ஒரு முழத்துக்கு வேர்! ஆசை தாங்காமல் பைச்செடி ஒன்றைப் பிடுங்கிக் கழுவினேன், ஒரு சாண்கூட இல்லை.

சித்திரை பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. வாளி வேர் பழுப்பாகி நாறுகிறது. விரலால் இழுத்தால் தோல் வழுக்கிக் கையோடு வருகிறது, உள்ளே நூல் மாதிரி நரம்புதான் மிஞ்சுகிறது. பைச்செடி திடமாக நிற்கிறது. "சம்பா மாசக்கணக்கா தண்ணியில நிக்குது, அது அழுகலையே" என்கிறார் அப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் (மன்னார்குடி)
தம்பி, நீளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீங்க. களிமண்ணில் பிடுங்கினால் சல்லிவேரில் பாதி மண்ணோடு அறுந்துவிடும். பையைக் கிழித்து, மண்கட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மெதுவாகக் கரைத்துப் பாருங்க. இறுகிய மண்ணைத் தள்ளிக்கொண்டு போகிற வேர் குட்டையாக, தடிப்பாக, கிளைவிட்டு வளரும். நீருக்கும் சத்துக்கும் வேர்த்தூவியை (வேரில் முளைக்கும் மெல்லிய முடி) வைத்துத் துழாவும். வாளியில் தடையில்லை, சத்தும் காலடியிலேயே. நீளமாக ஓடும், தூவி பெரும்பாலும் குறைவு.

பதில் (திருவாரூர், மூன்று வருடமாக வாளிக் கீரை)
முதல் மாதம் தண்ணீரில்தான் வேகம், அது உண்மை. ஆனால் வேருக்கு மூச்சு வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில் 7 தான். சூட்டில் வேருக்குத் தேவையோ கூடும். பித்தியம் என்கிற வேரழுகல் கிருமிக்கு அதுதான் வாய்ப்பு. நெல் இலை வழியாகக் காற்றை இழுத்து, தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே கீழே அனுப்பும். தக்காளிக்கு அந்த வசதி கிடையாது. அப்பாவிடம் சொல்லுங்க.

ஒன்று கேட்கிறேன்: தண்ணீர் குறைந்தபோது விளிம்புவரை ஊற்றினீர்களா?

கேட்டவர்
ஆமாம், இரண்டு தடவை.

பதில் (திருவாரூர்)
அதுதான் செய்தி. மோட்டார் இல்லாத வாளியில் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காலி இடம் வேண்டும். அங்கே தொங்கும் வேர்தான் காற்றைக் குடிக்கிறது. அதை மூழ்கடித்தால் செடிக்கு மூச்சு முட்டும். பாதிவரை மட்டும் ஊற்றுங்க, வாளிக்கு ஈரச்சாக்கு சுற்றி நிழலில் வையுங்க. மீன்தொட்டி மோட்டார் கிடைத்தால் போடுங்க.

கேட்டவர்
நேற்று மதியம் இரண்டு மணிக்கு அளந்தேன், கரைசல் 36 டிகிரி. அந்த இரண்டு செடியையும் எடுத்துவிட்டேன். மீதிப் பைச்செடியையும் ஊறப்போட்டுக் கரைத்தேன் அண்ணே. ஆணிவேர் ஒன்றரைச் சாண், அதைச் சுற்றி இரண்டு கையாலும் அள்ளுகிற அளவுக்குச் சல்லிவேர். நுனியெல்லாம் மண் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை.