மழைக்கு முன் சுவரை நாமே சரிசெய்யலாமா?

செம்பூர்வாசி:
ஜூன் இரண்டாம் வாரம் மும்பையில் மழை பிடித்துவிடும். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறி, பெயின்ட் அப்பளமாய்ப் பொரிந்து நிற்கிறது. மச்சானும் அலுவலக நண்பர்கள் இருவரும் ஞாயிறன்று உதவ வருகிறார்கள். மூவரும் பூச்சுக் கரண்டி பிடித்தறியாதவர்கள். நம்பலாமா?

தாராவி அக்கா:
சுரண்டுவதற்குக் கைத்திறன் எதற்கு, தம்பி? ஆனால் வெளிச்சுவர் விரிசலை அடைக்காமல் உள்ளே பூசுவது வீண். உயரத்தில் தொங்கும் அந்த வேலை கொத்தனாருக்கு, மச்சானை ஏற்றிவிடாதீர்கள்.

மாட்டுங்காக்காரர்:
சிமென்ட் பூச்சுக்கு 7 நாளாவது தண்ணீர் தெளியுங்கள். பிறகு நன்றாகக் காயட்டும். போன வருடம் சித்தப்பா ஈரத்தின் மேலேயே பெயின்ட் அடித்தார், தீபாவளிக்குள் உரிந்துவிட்டது. சித்தி இன்னும் விடவில்லை.

செம்பூர்வாசி:
சரி, ஞாயிறன்று சுரண்டல் மட்டும். நாற்பது இட்லி போதுமா?

தாராவி அக்கா:
நான்கு ஆண்களுக்கா? அறுபது ஊற்றுங்கள்.