ரெடி டைம்: 'தயார் நேரம்' என்றால் ஏமாந்து போவோம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி வியாபாரியிடம் கணினி, தொலைபேசி இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். முன்பு மாடிப்படிக்குக் கீழே ஒரு இன்டர்காம் பெட்டி இருந்தது. அதை எடுத்துவிட்டு, தொலைபேசி அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளைச் சென்னைத் தரவு மையம் ஒன்றில் மெய்நிகர் கணினியாக, அதாவது ஒரே உண்மையான கணினியை மென்பொருளால் பலவாகப் பிரித்ததில் ஒன்றாக, ஓட்டுகிறோம். மின்னஞ்சல், பில், காப்புநகல் (பேக்கப்) எல்லாமே அதே இயந்திரத்தில் தனித்தனி மெய்நிகர் கணினிகள்தான்.

சாயங்காலம் காப்புநகல் ஓடத் தொடங்கினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். 'நூற்று நாற்பது மூட்டை' என்று கேட்டவருக்கு நாற்பது மூட்டை போய்ச் சேர்ந்தது. ஏற்காட்டுக் கிளையோடு பேசும்போதுதான் அதிகம். "20 கொண்டை ஊசி வளைவிலும் குரல் உருண்டு வருதோ?" என்று முதலாளி கேட்கிறார்.

தேடிப் பார்த்ததில் 'சிபியு ரெடி டைம்' எகிறியிருந்தது. ஊழியர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதும்போது 'தயார் நேரம்' என்று போட்டேன். காசாளர் படித்துவிட்டு, "தயார் நேரம் கூடினா நல்லதுதானே, எதுக்குப் பயப்படறீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. வேறு சொல் இருக்கிறதா?

*

தம்பி, உங்கள் காசாளர்தான் இந்தக் குழுவுக்கு வர வேண்டிய ஆள். ஆங்கிலப் பெயரே தலைகீழானது. தயாராக இருப்பது மெய்நிகர் கணினி. தயாராக இல்லாதது அடியில் இருக்கும் உண்மையான செயலி. வேலை கையில் இருந்தும் செயலி கிடைக்காமல் நின்ற நேரம்தான் ரெடி டைம். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நோய்க்கு ஆரோக்கியம் என்று பெயர் வைத்த கதைதான்.

இதே நிலையை லினக்ஸ் பக்கம் போனால் 'ஸ்டீல் டைம்' என்பார்கள். செயலி என்ன செய்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் கடைசியில் எஸ்டி (st) என்று வருமே, அதுதான். அதையும் 'திருட்டு நேரம்' என்று ஒருவர் பெயர்த்து நான் பார்த்திருக்கிறேன். யார் திருடினார்கள்? எல்லாரும் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஒரே கிணறு, ஒரே மோட்டார், நாலு பங்காளிகள். வாய்க்கால் செதுக்கி, மடை திருப்பி, மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறீர்கள். தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஏனென்றால் இது அவர் முறை. நீங்கள் நிற்கிற அந்த நேரத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். என் பரிந்துரை: முறைக்காத்திருப்பு. ரெடி, ஸ்டீல் இரண்டுக்கும் இந்த ஒன்றே போதும்.

'வரிசைக் காத்திருப்பு' என்று சொல்லலாமே என்பீர்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் வந்தவருக்கு முன்னால் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. மெய்நிகர் கணினிகளுக்குச் செயலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் இதுவரை எவ்வளவு எடுத்தார் என்று கணக்குப் பார்த்துத்தான் திறந்துவிடும். அது முறைத் தண்ணீர்.

இனி, மின்னஞ்சலுக்குத் தெரியாத வலி குரலுக்கு மட்டும் ஏன்? மின்னஞ்சல் அரை நொடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. தொலைபேசிக் குரலை எண்களாக்கும் ஜி.711 முறையில் அதை நொடிக்கு 8,000 முறை அளந்து, வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். நொடிக்கு 50 பொட்டலம். செயலி கிடைக்காமல் 60 மில்லிநொடி நின்றால் மூன்று பொட்டலம் நேரம் தவறும். கேட்கும் முனையில் பொட்டலங்களைச் சற்று நேரம் தேக்கி வைக்கும் தாங்கிடம் (பஃபர்) கொஞ்சம் சமாளிக்கும். அதையும் தாண்டிப் பிந்தியதைத் தூக்கி எறிந்துவிடும். உங்கள் 'நூற்று' அப்படித்தான் போயிருக்கும்.

தூரத்தின் மேல் பழி போட வேண்டாம். சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கி.மீ. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகிறது. கம்பி சுற்றி வளைத்துப் போனாலும் ஒளியின் பயணத்துக்குச் சில மில்லிநொடிதான். ஒரு பக்கத்துக்கு மொத்தம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சு உறுத்தாது என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தர அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது.

அப்புறம் ஒரு விஷயம், சொல்லுக்கு வெளியே. உங்கள் ஹைப்பர்வைசர் விஎம்வேர் என்றால், ரெடி டைமின் நேரடி வரைபடத்தில் 20 நொடிக்கு ஒரு புள்ளி வரும். ஒரு மெய்நிகர் செயலிக்கு 2,000 மில்லிநொடி என்று காட்டினால் அது பத்து சதவீதம். குரலுக்கு அது தாங்காது. உடனே மெய்நிகர் செயலியை இரண்டிலிருந்து நாலாக்கிவிடாதீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்தேன். நாலும் ஒன்றுக்கொன்று அதிகம் பிந்தாமல் ஓட வேண்டுமென்பதால் காத்திருப்பு கூடத்தான் செய்யும். தொலைபேசிக்குச் செயலியில் நிச்சய ஒதுக்கீடு கேளுங்கள். காப்புநகலை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

*

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியன், கணினி அரைகுறைதான். கிணற்று உவமை பிடித்தது. ஆனால் 'முறை' என்றதும் முறைமாமன் நினைவு வருகிறதே! முறைப்பெண் காத்திருக்கும் கதை என்றல்லவா பிள்ளைகள் நினைப்பார்கள்? சொல்லும் நீளம். 'முறைகாத்தல்' என்று சுருக்கலாமா என்று யோசித்தேன், நானே விட்டுவிட்டேன். அது நீதி தவறாமல் ஆள்வது என்றாகிவிடும். வெறுமனே 'தாமதம்' போதாதா?

*

ஐயா, தாமதம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. பொட்டலம் போய்ச் சேர எடுக்கும் நேரத்துக்கு அதைத்தான் சொல்கிறோம். அந்தத் தாமதம் ஏறி இறங்குவதற்கு 'நடுக்கம்'. முறைக்காத்திருப்பு இவற்றுக்கு முன்னால் வருகிற காரணம். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், குரல் உடைகிறபோது பழுதைக் கம்பியில் தேடுவதா கணினியில் தேடுவதா என்று தெரியாது. தம்பி மாதக்கணக்கில் இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நீளம் உண்மைதான். முறைமாமனைப் பொறுத்துக்கொள்வோம், அவரும் காத்திருந்தவர்தானே.

*

ஆமாம் அண்ணா, மூன்று மாதம் இணைப்பைத்தான் குறை சொன்னேன். இணைப்பு கொடுத்தவரை இரண்டு முறை மலைக்கும் ஏற்றிவிட்டேன்.

காப்புநகலை இரவு ஒரு மணிக்கு மாற்றி, ஒதுக்கீடும் வாங்கியாயிற்று. வரைபடத் தலைப்பில் முறைக்காத்திருப்பு என்று போட்டேன். காசாளர் பார்த்துவிட்டு, "ஓ, இது குறையணும்" என்றார். வேறு விளக்கம் கேட்கவில்லை.

ஆனால் அதே திரையில் 'கோ-ஸ்டாப்' என்று இன்னொன்று இருக்கிறது. ஒரு கணினியின் இரண்டு மெய்நிகர் செயலிகளில் ஒன்று முந்தினால், மற்றது வந்து சேரும்வரை முந்தியதை நிறுத்தி வைக்கும் நேரமாம். இதற்குப் பங்குக் கிணறு உதவாது, ஜோடி மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றம்தான் சரி. ஜோடி மாட்டில் ஒன்று முந்தினால் அதை இழுத்துப் பிடிப்பதற்கு ஒரு சொல் கட்டாயம் இருந்திருக்கும். கவலை ஓட்டிய பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.