புதுப்பிப்பு: கல்லடியில் பேசிக்கொண்டே நடை, எது சரிவந்தது

மட்டக்களப்பு கல்லடியில் மனம்விட்டுப் பேசிக்கொண்டே நடக்கவும் நன்கொடை சேர்க்கவும் நாங்கள் நடத்தும் நடைக்கு வருபவர்கள் பேசாமல் வரிசையாகப் போகிறார்கள், உண்டியலிலும் காசு விழவில்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது ‘சோடி சோடியாக விடுங்கோ’ என்ற யோசனைதான். 10 நிமிடத்துக்கு ஒருமுறை சோடி மாற்றம். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. பழைய பாலத்தில் மட்டும் இது ஒத்துவரவில்லை: ஒடுக்கம், சைக்கிளுக்கு வழி விட்டே பேச்சு அறுந்துபோகும். கடற்கரை வீதிக்கு மாற்றினோம். மணலில் நடக்கவேண்டாம், மூச்சு வாங்கும். காலை 5.45க்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடியும்.

உண்டியலைத் தொடக்கத்தில் வைத்தது பிழை. முடிவில் தேத்தண்ணி மேசையில் வைத்தபிறகுதான் காசு சேர்ந்தது. இருவர் எண்ணி, அங்கேயே பற்றுச்சீட்டு எழுதவேண்டும்.

எதிர்பாராதது, சிலர் அழுதது. புத்தி சொல்லாமல் கூட நடந்தால் போதும். உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் தனியே விடாமல் 1926க்கு, இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு, அழைப்பு எடுங்கள்.