புரட்டாசியில் கிளிமஞ்சாரோ: டர்பன்காரர்கள் யாராவது ஏறியிருக்கிறீர்களா?

சாட்ஸ்வர்த்_வாசி:
வணக்கம். நானும் அண்ணன் மகனும் செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறையில் கிளிமஞ்சாரோ போகலாம் என்றிருக்கிறோம். மராங்கு வழியில் ஐந்து நாள், கூடாரம் வேண்டாம், குடிசையிலேயே தங்கலாம் என்று ஒரு ஏஜென்ட் மலிவாக விலை சொல்கிறார். நம்மூர் டிராகன்ஸ்பர்க் மலையில் சென்டினல் சிகரம் பக்கம் சங்கிலி ஏணி ஏறிப் பழக்கம் உண்டு, அது போதுமா? புரட்டாசி விரதம் வேறு. மேலே சைவச் சாப்பாடு கிடைக்குமா? அப்புறம், எரிமலை என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை.

பெர்க்_கிழவன்:
முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள் தம்பி: அங்கே மூன்று எரிமலைகள். ஷிராவும் மாவென்சியும் அணைந்தே போனவை. நீங்கள் ஏறப்போகும் கிபோ உறங்குகிறது. கடைசியாகப் பெரிதாகக் கக்கி லட்சம் வருஷத்துக்கு மேலாகிவிட்டது. உச்சிப் பள்ளத்துக்குள் இன்னமும் கந்தகப் புகை கசியும், அவ்வளவுதான். எரிமலைக்குப் பயப்பட வேண்டாம், காற்றுக் குறைவுக்குப் பயப்படுங்கள்.

டிராகன்ஸ்பர்க் ஏறிய கால் போதும். நுரையீரல்தான் சிக்கல். மராங்குவில் இரண்டாம் ராத்திரி ஹொரொம்போ குடிசையில் படுப்பீர்கள், 3,720 மீட்டர். நம் தென்னாப்பிரிக்காவில் எந்தச் சிகரமும் அவ்வளவு உயரமில்லை. மறுநாள் கிபோ குடிசை, 4,720. அன்று நள்ளிரவே எழுப்பி 5,895க்கு ஏறச் சொல்வார்கள். உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் டர்பனில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. கடல் மட்டத்திலிருந்து போகிறவருக்கு ஐந்து நாள் என்பது காசைக் கொட்டிவிட்டு வாந்தியெடுத்துத் திரும்பும் திட்டம்.

மச்சாமே வழியில் ஏழு நாள் எடுங்கள். நடுவில் ஒரு நாள் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏற்றி, மறுபடி 4,000க்குக் கீழே இறக்கிப் படுக்க வைப்பார்கள். 'ஏறினதை ஏன் இறக்குகிறான்' என்று எரிச்சல் வரும். உடம்பு பழகுவது அப்படித்தான். விலையுயர்ந்த ஜாக்கெட் வாங்காதீர்கள், மலையடிவார ஊரான மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும். அந்தக் காசில் கூடுதலாக ஒரு நாள் வாங்குங்கள்.

ஜோபர்க்_அக்கா:
அண்ணன் சொல்வது சரி. சைவத்துக்குக் கவலை வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிட்டால் கஞ்சி, கேரட் சூப், அவரை, சோறு என்று சமைத்துத் தருவார்கள். பிரச்சினை வேறு: உயரம் போகப் போகப் பசியே செத்துவிடும். சூப்பைப் பார்த்தாலே குமட்டும். எனக்கு மாங்காய் அச்சார்தான் கை கொடுத்தது, சோற்றில் பிசைந்தால் நாலு வாய் இறங்கும். ஒரு சின்ன டப்பா போதும். தான்சானியாவில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை, துணிப்பையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த்_வாசி:
நன்றி அண்ணே, அக்கா. மச்சாமேதான். உயர நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை போடலாமா? பனி நிறைய இருக்குமா?

பெர்க்_கிழவன்:
மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாது என்றால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், ராத்திரி நாலு தடவை கூடாரத்தைத் திறந்து வெளியே போகவேண்டி வரும். மாத்திரை போட்டாலும், நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் கால் தள்ளாடுகிறது, அல்லது சும்மா உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிறது என்றால் உடனே கீழே இறங்க வேண்டும். உங்களுக்கு இல்லாவிட்டாலும் பையனுக்கு வந்தால் உச்சி பக்கத்தில்தானே என்று இழுக்காதீர்கள்.

பனி, படத்தில் பார்க்கிற அளவு இல்லை. 1912இல் இருந்த பனிப்பாறையில் எண்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. உச்சிப் பள்ளத்தின் விளிம்பிலிருக்கும் ஸ்டெல்லா முனை தாண்டியதும் இடப்பக்கம் மிச்சமிருப்பது சுவர் மாதிரி நிற்கும், அடிப்பக்கம் நீலமாக. குளிர் மட்டும் குறையவில்லை. உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பை உச்சி ராத்திரியில் உறைந்துவிடும். பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகுங்கள். ஐஸ் மேலேதான் கட்டும், அப்போது மூடிப்பக்கம் அடைக்காது. போனை உள் சட்டைப் பாக்கெட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் உச்சிக்குப் போவதற்குள் சார்ஜ் இறங்கிவிடும்.

ஜோபர்க்_அக்கா:
அச்சாரை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியில் போடுங்கள்.